ஹெத் வின் வாழ்ந்த பண்ணை வீடு: அவசியம் போகலாம், அவசரமாகப் போகவேண்டாம்

கவிஞர்களின் வீட்டை அருங்காட்சியகமாக்கும்போது பெரும்பாலும் வீடு காணாமல் போய்விடுகிறது. கண்ணாடிப் பெட்டிகளும் விளக்கப் பலகைகளும்தான் மிஞ்சும். வடக்கு வேல்ஸில் ட்ரவ்ஸ்வனித் கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கும், வேல்ஷ் கவிஞர் ஹெத் வின் வாழ்ந்த அர் அஸ்கூர்ன் பண்ணை வீடு அப்படி ஆகிவிடவில்லை. அது இன்றைக்கும் ஒரு வீடாகவே இருக்கிறது. இதைப் பார்ப்பதற்காகவே அந்தப் பக்கம் போகலாம் என்று தயங்காமல் சொல்வேன்.

இந்த வீட்டில் வாழ்ந்தவர் யார் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். எல்லிஸ் ஹம்ஃப்ரி எவன்ஸ், 1887-ல் பிறந்தவர், பதினோரு பிள்ளைகளில் மூத்தவர். பதினான்கு வயதோடு படிப்பு நின்றது. அப்புறம் அப்பாவின் பண்ணையில் ஆடு மேய்த்தார், நடுவில் தெற்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு மனம் ஒட்டாமல் திரும்பினார். கவிதை மட்டும் எப்போதும் கூடவே இருந்தது. ஹெத் வின் என்பது அவருடைய புனைபெயர். வேல்ஸில் ஐஸ்டெத்வோட் என்று ஒரு பெரிய கலைவிழா மரபு உண்டு. யாப்பு பிசகாத நீண்ட கவிதைக்கு அங்கே தருகிற பரிசு ஒரு நாற்காலி. அவர்களுடைய யாப்பும் லேசுப்பட்டது இல்லை. நம் எதுகை மோனை போல ஒவ்வொரு அடிக்குள்ளும் மெய்யெழுத்துகள் வரிசை தவறாமல் ஒத்து வரவேண்டும், அதற்கென்றே இருபத்துநான்கு பாவகைகள் வகுத்து வைத்திருக்கிறார்கள். பள்ளியைப் பாதியில் விட்ட ஒரு மேய்ப்பர் இதையெல்லாம் கற்றுத் தேர்ந்து 1907-ல் பாலா ஊரில் முதல் நாற்காலியை வென்றார், அடுத்தடுத்து வேறு ஊர்களிலும் வென்றார். 1916-ல் தேசிய ஐஸ்டெத்வோடில் இரண்டாம் இடம் வரை வந்துவிட்டார்.

வீட்டை வழிகாட்டியோடுதான் சுற்றிப் பார்க்கவேண்டும், அதுவே இதன் பலம். நான் போனபோது வந்த வழிகாட்டி வேல்ஷ் மொழியிலேயே வளர்ந்தவர். மனப்பாடம் செய்து ஒப்பிக்காமல், சொந்தத்தில் ஒருவரைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார். சமையலறையில்தான் நான் அதிக நேரம் நின்றேன். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917 வசந்தத்தில் பட்டாளத்திலிருந்து உழவு வேலைக்காக விடுப்பில் வந்த ஹெத் வின், வேல்ஷில் ‘வீரன்’ என்று பொருள்படும் தலைப்பிட்டுத் தன் நீண்ட கவிதையை இந்த வீட்டில்தான் எழுதிக்கொண்டிருந்தார். விடுப்பு முடிந்தும் திரும்பவில்லை. ராணுவப் போலீஸ் வந்து கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், கையெழுத்துப் பிரதி சமையலறை மேசையிலேயே கிடந்தது. நினைவிலிருந்தே திரும்ப எழுதி, பிரான்ஸில் படை முகாமிட்டிருந்த இடத்திலிருந்து தபாலில் அனுப்பினார். இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, அந்த அடுப்பங்கரையில் நின்று கேட்பது வேறு. அவர் பட்டாளத்துக்குப் போனதே தம்பி போகவேண்டி வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான்.

1917 ஜூலை 31, பெல்ஜியத்தில் பில்கம் மேடு, பாஷண்டேல் போரின் முதல் நாள். குண்டடிபட்டு அன்றே இறந்தார், வயது முப்பது. அதே நாளில் அதே போர்முனையில் ஐரிஷ் கவிஞர் ஃப்ரான்சிஸ் லெட்விட்ஜும் இறந்தார். இருவரும் ஒரே இடுகாட்டில்தான் இருக்கிறார்கள். சில வாரம் கழித்து, செப்டம்பர் 6, இங்கிலாந்தின் பர்கன்ஹெட் நகரில் தேசிய ஐஸ்டெத்வோட். வென்றவர் போட்டிக்கென்று வைத்துக்கொண்ட புனைபெயரைக் கூப்பிடுகிறார்கள், யாரும் எழவில்லை. கவிஞர் போரில் இறந்துவிட்டார் என்று அறிவித்து, வெற்று நாற்காலியின் மேல் கறுப்புத் துணி போர்த்தினார்கள்.

அந்தக் கறுப்பு நாற்காலி இந்த வீட்டில் இருக்கிறது. அதை மட்டும் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கிட்டே போய் அதன் செதுக்கு வேலையைப் பாருங்கள்: முடிச்சுமேல் முடிச்சாகப் பின்னிப் போகும் கெல்டிக் கோலங்கள், டிராகன்கள், கை வைக்க இடமில்லாத அளவுக்கு நுணுக்கம். செய்தவர் யூஜின் வான்ஃப்ளெட்டரன், போருக்குத் தப்பி பெல்ஜியத்தின் மெக்கலென் நகரத்திலிருந்து பர்கன்ஹெட்டுக்கு அகதியாக வந்த ஒரு ஃப்ளெமிஷ் தச்சர். தச்சரின் நாட்டு மண்ணில் கவிஞர் புதைந்தார், கவிஞரின் நாற்காலியைத் தச்சர் செதுக்கினார். எனக்கு இந்த ஒரு தகவலே இவ்வளவு தூரம் வந்ததற்குப் போதுமானதாக இருந்தது. முன்பு வென்ற நாற்காலிகளும் இங்கே இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால்தான் ‘இறந்துபோன வீரர்’ என்ற பிம்பத்துக்குப் பின்னால் வருடக்கணக்காகப் போட்டிபோட்டு, தோற்று, மறுபடி எழுதிய ஓர் உழைப்பாளி இருந்தார் என்பது புரியும்.

கவிஞர் இறந்த பிறகு குடும்பத்தார் பல பத்தாண்டுகளாக, கதவைத் தட்டி வந்தவர்களையெல்லாம் உள்ளே அழைத்து வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். 2012-ல் ஸ்னோடோனியா தேசியப் பூங்கா ஆணையம் வீட்டை வாங்கியது, பழுதுபார்த்து 2017-ல், அதாவது சரியாக நூறாவது ஆண்டில், திறந்தது. பழுதுபார்த்தவர்களைப் பாராட்டவேண்டும். சுவர்த்தாள் வரைக்கும் பழைய மாதிரியே திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள், ஆனாலும் மெருகு ஏற்றிய வாடை இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ட்ரவ்ஸ்வனித்துக்கு இப்போது ரயில் கிடையாது, கார் இருந்தால்தான் வசதி. வருடம் முழுக்கத் திறந்திருக்கும் என்று நினைத்துப் போய் நிற்காதீர்கள், நாளும் நேரமும் பார்த்து முன்பதிவு செய்துவிடுங்கள். பக்கத்து ஏரியையும் பழைய அணுமின் நிலையத்தையும் பார்த்துவிட்டுக் கவிஞர் பார்த்த காட்சி இதுதான் என்று எண்ணிவிடவேண்டாம், இரண்டுமே அவருக்குப் பிறகு வந்தவை. வேல்ஷ் புரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு பாட்டை வாய்விட்டுப் படித்துக் காட்டும்படி வழிகாட்டியிடம் கேளுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த ஓசை சுத்தமாகக் கிடைக்காது. முடிந்தால் கிராமத்துக்குள் போய் 1923-ல் அவருடைய அம்மா திறந்துவைத்த சிலையையும் பாருங்கள். ராணுவ உடையில் இல்லாமல் மேய்ப்பராக நிற்க வைத்தது மிகச் சரியான முடிவு.