ஷென்செனிலிருந்து திருச்சி, வழி கோலாலம்பூர்

சீனாவின் ஷென்செனில் வேலை பார்க்கிற திருச்சிக்காரனுக்கு ஊர்ப் போக்குவரத்து எல்லாமே சுற்றுவழிதான். பக்கத்தில் இருக்கிற ஹாங்காங் போய் அங்கிருந்து சென்னைக்கு நேராகப் பறக்கலாம். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் ஹாங்காங்குக்குள் நுழைய 2017இலிருந்து இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்து, அந்தத் தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும். எல்லையில் சீனப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. சென்னையில் இறங்கினால் ஊருக்கு இன்னும் ஐந்தாறு மணி நேரம். பெட்டிகளையும் ஆறு வயது மகளையும் இழுத்துக்கொண்டு ஒருமுறை போய்ப் பார்த்தோம். போதும் என்றாகிவிட்டது.

நாங்கள் போன 2025 ஜூலையில் சீனாவிலிருந்து இந்தியாவுக்கு நேரடி விமானமே கிடையாது. 2020இல் நின்றது அக்டோபரில்தான் திரும்ப ஆரம்பித்தது, அதுவும் முதலில் கொல்கத்தா–குவாங்சோ. திருச்சிக்குப் போக எதற்குக் கொல்கத்தா?

மிச்சம் இருப்பது கோலாலம்பூர். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு முப்பது நாள் வரை மலேசியாவுக்கு விசா வேண்டாம். வருகை அட்டையை மட்டும் அங்கே போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிட வேண்டும். விசா தொல்லை இல்லாததால் இரண்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கினேன்: கோலாலம்பூர் வரை ஒரு சீன விமானம், அங்கிருந்து திருச்சிக்கு மலிவு விமானம். சீன நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். குறை சொல்லப் போகிறேன், நல்லதும் சொல்லப் போகிறேன். நாலு மணி நேரப் பயணம், எகானமி, ஒருவருக்கு ஆயிரத்துச் சொச்சம் யுவான். மகளுக்கு முக்கால் கட்டணம்.

பதினொன்றாம் தட மெட்ரோ நேராக விமான நிலையத்துக்கே போகிறது. அதில் மூன்று மடங்கு கட்டணத்தில் 'பிசினஸ்' பெட்டியும் உண்டு. ஒரு நாளாவது ஏறிவிட வேண்டும் என்று ஒன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பாவோஆன் விமான நிலையத்தின் மூன்றாம் முனையம் 2013இல் திறந்தது. திருக்கை மீன் மாதிரி கட்டியிருக்கிறார்கள் என்பார்கள். உள்ளே நின்றால் மீனெல்லாம் தெரியாது, தலைக்கு மேல் தேன்கூடுதான் தெரியும்.

செக்-இன் சுமுகமாக முடிந்தது. என்ன, போர்டிங் பாஸைக் கையில் கொடுத்த பிறகும் ஐந்து நிமிடம் அங்கேயே நிற்கச் சொல்வார்கள். பெட்டி எக்ஸ்ரேயைத் தாண்டும்வரை போகக் கூடாது. நான் கேட்கவில்லை. காபி வாங்கப் போய்விட்டேன்.

அப்போதுதான் அப்பாவின் பெயர் ஒலித்தது.

நம் ஆட்களின் பெயர்க் கதை தெரிந்ததுதானே. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் சீன நிறுவனங்களின் செயலிகள் டிக்கெட்டே தராது. அதனால் அப்பா பெயர் அந்தக் கட்டத்துக்குப் போய்விடுகிறது. அறிவிப்பு செய்பவருக்கு முதலில் கண்ணில் படுவதும் அதுதான். 'கோவிந்தராஜன்' என்பது ஒலிபெருக்கியில் 'கெ-வின்-டா-லா-ஜா' என்று வந்தது. அப்பா காலமாகி எட்டு வருடம் ஆகிறது. கையில் காபியோடு ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டேன். என் மனைவிதான், "என்னங்க, மாமாவைக் கூப்பிடுறாங்க, போய்ப் பாருங்க" என்றாள்.

பெட்டிக்குள் கழுத்தில் மாட்டுகிற குட்டி மின்விசிறி. அக்கா மகளுக்கு வாங்கியது, உள்ளே லித்தியம் பேட்டரி. பவர் பேங்க்கும் தனி பேட்டரிகளும் கைப்பையில்தான் வர வேண்டும் என்பது எல்லா நாட்டிலும் உள்ள விதி. இந்த மாதிரி சாமான்களைப் பெட்டியில் போடவும் இங்கே விடமாட்டார்கள். இதில் கேவலம் என்னவென்றால், சார்ஜர், பேட்டரி சமாசாரங்களைப் பார்த்து வாங்கி அனுப்புவதுதான் என் பிழைப்பே. இப்போது போன் செய்தால் அக்கா முதலில் கேட்பது இதைத்தான்.

பாதுகாப்புச் சோதனையிலும் பேட்டரிதான். அந்த ஜூன் 28இலிருந்து சீனாவின் உள்நாட்டு விமானங்களில் '3சி' என்ற சீனத் தர முத்திரை இல்லாத பவர் பேங்க்குக்குத் தடை. எங்களுடையது வெளிநாட்டுப் பயணம், அந்த விதி எங்களுக்கு இல்லை. என்றாலும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கணக்கு எளிது: 100 வாட் ஹவர் வரை கேள்வி இல்லை. 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள், 74 வாட் ஹவர். தாராளமாகப் போகலாம். ஆனால் எழுத்து அழிந்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது, கூடைக்குள் போய்விடும். அழிந்த எழுத்தோடு ஒன்றை நீட்டிவிட்டு வாதாடிக்கொண்டிருந்தார் ஓர் ஐரோப்பியர். வாதாடிப் பயனில்லை. குடையையும் வெளியே எடுத்து வைக்கச் சொல்வார்கள். லைட்டர் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. அப்புறம் ஒரு சின்ன மேடையில் ஏற்றி நிறுத்தி ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பார்கள். என் மகளுக்கு அந்த மேடை ரொம்பப் பிடிக்கும்.

விமானம் ஒற்றை நடைபாதை, இரண்டு பக்கமும் மும்மூன்று இருக்கைகள். இருக்கைக்கு முன்னால் திரை கிடையாது. மேலேயிருந்து மடங்கி இறங்கும் பொதுத் திரைதான், சத்தம் இல்லாமல் ஏதோ ஓடியது. சார்ஜ் போட வழியில்லை. சீன விமானங்களில் பவர் பேங்க்கையும் பயணம் முழுக்கப் பயன்படுத்தக் கூடாது. ஆக, போனைப் பார்த்துப் பொழுது ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் வீட்டிலேயே முழுக்க ஏற்றிக்கொண்டு வர வேண்டும். இதாவது பரவாயில்லை. 2018 ஜனவரி வரை போனை ஃபிளைட் மோடில்கூட வைக்க விடமாட்டார்கள், அடியோடு அணைக்க வேண்டும்.

பன்னிரண்டரை மணிக்குக் கதவை மூடினார்கள். கிளம்பியது இரண்டேகாலுக்கு.

தென்சீனத்தில் கோடை மழை பிற்பகலில் திடீரென்று இறங்கும். அன்றும் இடி, மின்னல். விமானம் கொஞ்ச தூரம் நகர்ந்து நின்றுவிட்டது. தலைமைப் பணிப்பெண் சீனத்தில் நீளமாகப் பேசினார். இரண்டு நிமிடம் இருக்கும். ஆங்கிலத்தில் வந்தது இரண்டே வாக்கியம்: தாமதத்துக்கு வருந்துகிறோம், அமர்ந்திருங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஒன்பது வருடச் சீனம் எனக்குச் சந்தையில் பேரம் பேசவும் டாக்சிக்கு வழி சொல்லவும் ஆகும். ஒலிபெருக்கிச் சீனம் தலைக்கு மேலே போய்விடும். மகள் மழலையர் பள்ளியிலிருந்தே அந்த மொழியில் புழங்குகிறவள்.

"என்ன பாப்பா சொல்றாங்க?"

"வானத்துல டிராஃபிக்காம்ப்பா. நமக்கு இன்னும் நம்பர் வரலையாம். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுமாம்."

சரியாகத்தான் சொன்னாள். சீனாவில் தாமதம் என்றால் அடிக்கடி காதில் விழும் சொல் 'லியூலியாங் குவான்ஜி'. வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு என்று அர்த்தம். அங்கே வான்வெளியின் பெரும்பகுதி ராணுவத்தின் கையில். பயணிகள் விமானங்களுக்கு விட்டிருக்கிற பாதைகள் குறுகல், அதில் ஒரு மழை மேகம் வந்து உட்கார்ந்தால் பின்னால் எல்லாம் தேங்கிவிடும். சீனர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். அறிவிப்பு முடிந்ததும் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர்களுக்கு எவ்வளவு நேரம் தூங்கலாம் என்று தெரிந்திருந்தது. எங்கள் பின்வரிசையில் ஒரு பங்களாதேஷ் குடும்பம். கோலாலம்பூரில் அடுத்த விமானம் போய்விடுமோ என்று அந்த மனிதர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என் மகள்தான் அவர்களுக்கும் செய்தி சொன்னாள், ஆங்கிலத்தில்.

என் குறை இந்த ஒன்றுதான். தாமதத்துக்கு நான் யாரையும் நோகவில்லை, மழைக்கு யார் என்ன செய்வது? ஆனால் ஒரு மணி நேரம் ஆகும் என்ற தகவல் அவர்களிடம் இருக்கிறது, சீனத்தில் சொல்லவும் சொல்கிறார்கள். அதே விமானத்தில், அதே காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிற மற்றவனுக்கு 'வருந்துகிறோம்' மட்டும் போதும் என்று யார் முடிவு செய்தது? வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, நேரத்தைச் சொன்னால் ஏதாவது திட்டம் போடலாம். திருச்சி விமானத்துக்கு ஐந்து மணி நேர இடைவெளி விட்டிருந்ததால் தப்பித்தேன். இரண்டு டிக்கெட்டும் தனித்தனி என்பதால் தவறவிட்டால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பில்லை. மூன்று மணி நேரம் போதும் என்று நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டிருந்தால் அன்று ராத்திரி கோலாலம்பூர்த் தரையில்தான் படுத்திருப்போம்.

ஆனால் அந்த ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் பணிப்பெண்கள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. தண்ணீர்த் தட்டோடு மூன்று முறை வந்தார்கள். எங்கள் வரிசைக்கு வந்த பெண் மகளைப் பார்த்து "ஷியாவ் பெங்யோ" என்றார், குட்டி நண்பரே என்று பொருள். அங்கே எல்லாக் குழந்தைகளையும் இப்படித்தான் கூப்பிடுவார்கள். இவள் பதிலுக்கு "ழ ஷ்வெய்" கேட்டாள், வெந்நீர். (சீனர்களின் அந்த 'ர'வும் நம் ழகரமும் ஒன்றுவிட்ட பங்காளிகள். 'பழம்' சொல்லத் தடுமாறுகிற என் மகளுக்கு 'ழ ஷ்வெய்' மட்டும் சுத்தமாக வருகிறது.) சீனாவில் வெந்நீர்தான் தண்ணீர். விமான நிலையத்தில் கேட்டுக்கு கேட் வெந்நீர்க் குழாய் இருக்கும், பெரியவர்கள் ஆளுக்கொரு ஃபிளாஸ்க் வைத்திருப்பார்கள். மகள் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே! பச்சைத் தண்ணீரோடு சரியாக ஆற்றி, தொட்டுப் பார்த்து, மூடி போட்ட குவளையில் கொண்டுவந்தார். அவளுக்குப் போர்வை கேட்காமலே வந்தது. நான் ஆங்கிலத்தில் போர்வை கேட்டதற்குத் தலையாட்டிவிட்டுப் போனவர் திரும்பவில்லை.

சாப்பாடு மேலே போன பிறகுதான். மனைவி சைவம். இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் சொல்லி வைத்திருந்தோம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. விமானக் குறியீடுகளில் 'ஏ.வி.எம்.எல்.' என்றால் நம்மூர்ப் பாணிச் சைவம். 'எச்.என்.எம்.எல்.' இந்து உணவு, ஆனால் அதில் கோழியோ மீனோ வரும், மாட்டிறைச்சி இருக்காது. இந்து என்ற பெயரைப் பார்த்துச் சைவம் என்று பதிந்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். 'வி.ஓ.எம்.எல்.' என்பது சீனப் பாணிச் சைவம்: காளான், டோஃபு, கீரை. மனைவிக்கு எல்லோருக்கும் முன்னால் சீட்டு ஒட்டிய தட்டு வந்துவிட்டது. பருப்பு போல ஒன்று, உருளைக்கிழங்குக் கறி, சோறு. கறியில் அன்னாசிப்பூ வாசம் கொஞ்சம் தூக்கல். "பிரியாணி இலையை மட்டும் எடுத்துட்டா சாப்பிடலாம்" என்று தீர்ப்பு வந்தது. எங்கள் வீட்டில் இது பாராட்டு.

எனக்குக் கோழிச் சோறா, மாட்டிறைச்சி நூடுல்ஸா என்ற வழக்கமான கேள்வி. கோழி வாங்கினேன். சாறு இறங்கிய சோறு, சூடு நன்றாக இருந்தது. ஓரத்தில் ஆறிப்போன ஒரு பன், நாலு துண்டு தர்ப்பூசணி. கூடவே குட்டிப் பொட்டலத்தில் 'ஜா ட்சாய்', கடுகுக் கீரைத் தண்டை உப்பும் மிளகாயும் போட்டு ஊற வைத்த ஊறுகாய். அந்தத் தட்டில் உயிருள்ள ஒரே பண்டம் அதுதான். அம்மாவிடம் காட்டலாம் என்று மகளுடைய பொட்டலத்தையும் சேர்த்து இரண்டை எடுத்து வைத்துக்கொண்டேன். குடிக்க ஹைனான் தீவின் இனிப்புத் தேங்காய்ப் பால். நம் நாக்குக்கு அது பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே கழிப்பறையைப் பூட்டிவிடுகிறார்கள். குழந்தையோடு போகிறவர்கள், அறிவிப்பு வருவதற்கு முன்பே ஒரு நடை போய்விட்டு வாருங்கள். எங்களுக்கு இது மூன்றாவது முறை என்பதால் தெரியும்.

கோலாலம்பூரில் சொல்ல அதிகம் இல்லை. சீனாவும் மலேசியாவும் ஒரே நேரம், கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம். பெட்டியை எடுத்து, முதல் முனையத்திலிருந்து இரண்டாம் முனையத்துக்கு இரண்டு ரிங்கிட் கொடுத்து மூன்று நிமிட ரயில். திரும்பச் செக்-இன், ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். கடைக்காரர் "என்ன தம்பி, சைனாவிலிருந்தா?" என்று தமிழில் கேட்டபோதே பாதி ஊர் வந்துவிட்டது.

திருச்சியில் 2024 ஜூனிலிருந்து புது முனையம். குடியேற்ற வரிசை வேகமாக நகர்ந்தது. பழைய கட்டடத்தின் நெரிசலை நினைத்துப் பயந்துகொண்டே வந்த எனக்கு ஏதோ வேறு ஊரில் இறங்கிய மாதிரி இருந்தது. வீடு போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது.

அம்மா ஜா ட்சாயை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "எண்ணெய் பத்தல" என்றாள். மகள் அரைத் தூக்கத்தில் "பாட்டி, ழ ஷ்வெய்" என்றாள். அம்மாவுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. சீரகம் போட்டுக் காய்ச்சி வைத்திருந்த வெந்நீரை ஆற்றிக்கொண்டு வந்து நின்றாள்.