பிரெய்ல் நோட்டேக்கரா, டிஸ்ப்ளேயும் லேப்டாப்புமா?

பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். குறிப்பை விரலால் படித்துக்கொண்டே வாயால் பாடம் நடத்துவதுதான் என் வேலை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் காதில் பேசிக்கொண்டிருந்தால் கடைசி பெஞ்சில் என்ன நடக்கிறதென்றே தெரியாது. அதனால் பிரெய்ல் வேண்டுமா என்ற கேள்வி எனக்கு எழவில்லை, எந்த உருவத்தில் என்பதுதான் கேள்வி. கணினி, பிரெய்ல் சாவி, பிரெய்ல் வரிசை எல்லாம் ஒன்றுக்குள் அடங்கிய நோட்டேக்கர் வாங்குவதா, திரையில் இருப்பதைப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பிரெய்ல் டிஸ்ப்ளே மட்டும் வாங்கி லேப்டாப்பிலும் போனிலும் இணைத்துக்கொள்வதா? நான் இரண்டாவதை எடுத்தேன்: 40 செல் டிஸ்ப்ளே (ஒரு செல் என்பது ஒரு பிரெய்ல் எழுத்துக்கான இடம்), விண்டோஸ் லேப்டாப், அதில் என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர். அதற்கு முன் ஒரு கோடை விடுமுறையில், கோபியில் இருக்கும் நண்பரின் நோட்டேக்கரை இரவல் வாங்கி என் வேலைகளையெல்லாம் அதில் செய்து பார்த்திருந்தேன்.

விலையும் எடையும் எல்லாருக்கும் தெரிந்த கதை. 32 செல் நோட்டேக்கர் அமெரிக்காவிலேயே 5,000 டாலரைத் தாண்டும். டிஸ்ப்ளே அதைவிடக் கணிசமாகக் குறைவு, என்விடிஏ இலவசம். ஈரோடு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவருக்கு இரண்டு பெட்டியைவிட ஒரு பெட்டி சுகம். சரி, அதோடு விடுவோம்.

நோட்டேக்கரின் நல்லதைச் சொல்லாமல் போனால் தப்பு. பட்டனை அழுத்தியதும் எழுந்து நிற்கிறது. கனடா நிறுவனத்தின் ப்ரெய்ல்நோட் என்ற நோட்டேக்கரில் இருக்கும் கீவேர்டு போன்ற எழுதும் செயலிகள் பிரெய்லுக்கென்றே பிறந்தவை. தலைப்பு எங்கே, தடித்த எழுத்து எங்கே என்பதை விரலுக்கு உரைக்கிற மாதிரி காட்டும். மெனுவில் முதல் எழுத்தைத் தட்டினால் போதும். என் டிஸ்ப்ளேயில் இந்தச் சொகுசு இல்லை. காலையில் ப்ளூடூத் சில நாள் பிடிவாதம் பிடிக்கும், அன்றைக்கு கேபிளைச் செருகிக்கொண்டு வகுப்புக்குப் போவேன். கணக்கு ஆசிரியராக இருந்திருந்தால் முடிவே மாறியிருக்கலாம். ப்ரெய்ல்நோட் டச் பிளஸ்ஸில் நெமத் என்ற கணக்குப் பிரெய்ல் குறியீட்டில் அடித்த சமன்பாடு பார்வையுள்ளவர் படிக்கும் வடிவில் திரையில் வருகிறது. அதை நான் பெரிதாகப் பயன்படுத்தியதில்லை, ஆனால் கோவையில் கணக்கு எடுக்கும் தோழி ஒருவர் அதற்காகவே நோட்டேக்கரை விடமாட்டேன் என்கிறார்.

என்னை இந்தப் பக்கம் தள்ளியது பராமரிப்பு. அதிலும் முக்கியமாக மென்பொருள் பராமரிப்பு.

பிரெய்ல் செல்லுக்குள் இருப்பது பீசோ தகடுகள். மின்சாரம் பட்டால் வளைந்து புள்ளியை மேலே தள்ளும். கையைக் கழுவிவிட்டுத் தொட்டு, தூசி படாமல் மூடி வைத்தால் பல வருடம் உழைக்கும். அதன் மேல் ஓடும் மென்பொருளுக்கு அந்த ஆயுள் கிடையாது. 2016இல் வந்த ப்ரெய்ல்நோட் டச் ஆண்ட்ராய்டு 4.4இல் ஓடியது. அந்தப் பதிப்புக்குத் தன் பிளே சேவைகளின் ஆதரவை கூகுள் 2023இல் நிறுத்தியது. புள்ளிகள் அப்படியே நன்றாக இருக்கும், மேலே போடும் செயலிதான் கிடைக்காது. அடுத்து வந்த டச் பிளஸ் ஆண்ட்ராய்டு 8.1. கொரிய நிறுவனமான ஹிம்ஸின் ப்ரெய்ல்சென்ஸ் 6 ஆண்ட்ராய்டு 10இல் வந்து, பிறகு 12க்கு ஏற்றப்பட்டது. இந்த வரிசையில் மேல் அதுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் எப்போது ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் தயாரிப்பவர் கையில். வாங்குகிற கூட்டம் சிறியது, அதனால் சாதாரண போனுக்கு நடக்கும் வேகத்தில் இங்கே எதுவும் நடக்காது.

லேப்டாப்பும் கிழடாகும்தான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது, பழைய கணினி வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள். ஆனால் அங்கே மாற்ற வேண்டியது லேப்டாப்பை மட்டும். விலை அதிகமான பாகம், அதாவது பிரெய்ல் வரிசை, அப்படியே அடுத்த கணினியோடு சேர்ந்துகொள்ளும். பிரெய்ல் டிஸ்ப்ளேக்களுக்கென்று யூஎஸ்பி பொதுத் தரம் 2018இல் வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு போனிலும் 2022 முதல் அதன் ஸ்க்ரீன் ரீடரான டாக்பேக்குக்குள்ளேயே பிரெய்ல் டிஸ்ப்ளே ஆதரவு இருக்கிறது, தனிச் செயலி தேட வேண்டியதில்லை. நோட்டேக்கரை நம் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு மோனோபிளாக் பம்ப் என்றால் சட்டென்று விளங்கும்: மோட்டாரும் பம்பும் ஒரே தண்டில், ஒன்று கெட்டால் இரண்டையும் சேர்த்துத்தான் கழற்ற வேண்டும். அதற்காவது காயில் கட்ட ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள்.

சர்வீஸ் விஷயமும் இதன் தொடர்ச்சிதான். நண்பரின் நோட்டேக்கரில் சில புள்ளிகள் எழும்பாமல் போனதால் சர்வீஸுக்கு அனுப்பினார். கூடவே அவருடைய குறிப்பு, மெயில், முகவரிப் பட்டியல் எல்லாம் போனது. திரும்பி வரும்வரை மனுஷர் கை ஒடிந்த மாதிரி இருந்தார். என் டிஸ்ப்ளே போனால் வகுப்பு சிரமப்படும், ஆனால் லேப்டாப் பேச்சில் மற்ற வேலை ஓடும். லேப்டாப் போனால் கோவை காந்திபுரத்தில் சரிசெய்ய எத்தனையோ கடை இருக்கிறது, அதுவரை போனோடு இணைத்துச் சமாளிக்கலாம்.

அப்புறம் தமிழ். இதை விலைப்பட்டியலில் யாரும் போடுவதில்லை. எனக்கு வரும் வினாத்தாள்களிலும் பழைய குறிப்புகளிலும் பாதி இன்னும் பாமினி, வானவில் என்ற, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் போர்த்திய பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. தமிழக அரசு 2010லேயே பொதுத் தரமான யூனிகோடை ஏற்றுக்கொண்டாலும் தட்டச்சு செய்கிறவர்களின் பழக்கம் போகவில்லை. ‘தமிழ்’ என்ற சொல்லைப் பாமினியில் அடித்திருந்தால் என் விரலுக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் வரும். லேப்டாப்பில் அதை எழுத்துருமாற்றியில் போட்டு யூனிகோடாக்கிப் படிப்பது சில நொடி வேலை. நோட்டேக்கரின் பிரவுசரிலும் அதே இணையப் பக்கத்தைத் திறக்கலாம்தான், ஆனால் நான் முயன்றபோது பக்கம் பாதியில் நின்றுவிட்டது.

யூனிகோடாகவே வந்தாலும், எழுத்தைப் புள்ளியாக மாற்றும் பிரெய்ல் அட்டவணை சரியாக இருக்க வேண்டும். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்துக்கு முன்னால் வரும், யூனிகோடில் பின்னால் வரும். ‘கே’யில் கண்ணுக்குக் கொம்பு முன்னால் தெரியும், விரலுக்குக் ககரம் முதலில், ஏகாரம் பிறகு. இந்த முன்பின் மாற்றத்தை அட்டவணை ஒழுங்காகச் செய்யாவிட்டால் படிக்கும்போது தடுமாற்றம், பிரெய்ல் சாவியில் அடித்துத் தமிழாக்கும்போது அதைவிடத் தடுமாற்றம். இந்த மாற்றத்துக்கு என்விடிஏ பயன்படுத்தும் லிப்லூயிஸ் திறந்த மூலத் திட்டம். தமிழ் அட்டவணையில் பிழை கண்டால் எவரும் திருத்தி அனுப்பலாம், திருத்தம் ஏற்கப்பட்டால் பின்னால் வரும் என்விடிஏ பதிப்பில் நம் கைக்கு வரும். நோட்டேக்கரில் பிழை கண்டால் கனடாவுக்கோ கொரியாவுக்கோ கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

நீளமாகத் தமிழ் எழுத நான் பிரெய்ல் சாவியைத் தொடுவதில்லை. லேப்டாப் விசைப்பலகையில் தமிழ்99, விரல் இடையிடையே டிஸ்ப்ளேயில். பிரெய்ல் சாவியிலேயே பழகியவருக்கு இது பிடிக்காது. அவர்களுக்கு நோட்டேக்கர் இன்னும் இயல்பாக இருக்கலாம்.

வேர்டு, எக்செல் பற்றிக் கொஞ்சம். மதிப்பெண் பட்டியல் எக்செல்லில் வருகிறது, தலைமையாசிரியர் வேர்டில் கருத்துக் குறிப்பு போட்டு அனுப்புகிறார். நண்பரின் நோட்டேக்கரில் கோப்பு திறந்தது, உரை முழுசாக வந்தது. ஆனால் திருத்திச் சேமித்து அனுப்பியபோது அட்டவணை குலைந்து போனதாக மறுமுனையில் சொன்னார்கள். ஆண்ட்ராய்டுக்கான வேர்டையே அதில் போட்டு ஓட்டலாம், அப்படிச் செய்தால் பிரெய்லுக்கென்றே பிறந்த செயலி என்ற பெருமைக்கு வேலையில்லாமல் போகிறது. நோட்டேக்கர்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான் என்பேன்: வேர்டு கோப்பை உருமாற்றாமல் அப்படியே திறந்து அப்படியே சேமிப்பது, பிரெய்ல் மொழி அட்டவணையைப் பயனரே ஒரு கோப்பாக மாற்றிக்கொள்ள விடுவது, இத்தனை வருடம் ஆண்ட்ராய்டு ஏற்றித் தருவோம் என்று பெட்டியிலேயே அச்சடிப்பது. மூன்றும் வந்தால் மறுபடி யோசிப்பேன்.

லேப்டாப்பே வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒரு நடுவழியும் உண்டு. ப்ரெய்லியன்ட், ஃபோகஸ் போன்ற டிஸ்ப்ளேக்களுக்குள்ளேயே சின்ன எடிட்டர் இருக்கிறது. ஆர்பிட் ரீடரில் கோப்புகளை எஸ்டி கார்டில் போட்டுப் படிக்கலாம், சிறு குறிப்பும் எழுதலாம். பாடக் குறிப்பைக் கொண்டுபோய் வகுப்பில் படிக்க அது போதும். மதிப்பெண் பட்டியலுக்கு உதவாது.

பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் தம்பி ஒருவர், “அண்ணா, கடைசியா எதைத்தானுங்க வாங்கறது?” என்று போனில் கேட்டார். டெமோவுக்குப் போகும்போது மூன்று கோப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்: அட்டவணை உள்ள ஒரு வேர்டு, பாமினியில் அடித்த ஒரு வினாத்தாள், ஒரு மதிப்பெண் எக்செல். விற்கிறவர் காட்டும் மாதிரிக் கோப்பைத் தொடாமல் இவற்றைத் திறந்து, திருத்தி, சேமித்து, தன் போனுக்கே மெயில் அனுப்பிப் பார்க்க வேண்டும். சர்வீஸ் எந்த ஊரில், அதுவரை மாற்றுப் பெட்டி தருவார்களா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். வருகிற சனிக்கிழமை போகிறேன் என்றிருக்கிறார்.