ரொட்டிக்குள் தமால்: மெக்சிகோ சிட்டியின் காலை வண்டி

வேலை விஷயமாக மெக்சிகோ சிட்டியில் பதினோரு நாள் தங்கியிருந்தேன். முதல் இரவே, ஒலிபெருக்கி கட்டிய மூன்று சக்கர வண்டி ஒன்று 'தமாலேஸ், தமாலேஸ்' என்று பதிவுசெய்த குரலில் கூவிக்கொண்டு சன்னலுக்குக் கீழே போனது. அரைத் தூக்கத்தில், யாரோ தமிழைக் கூறுபோட்டு விற்பதாகவே என் காதில் விழுந்தது. அது மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டலில் இருந்து வந்த சொல், நமக்கு உறவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு மெட்ரோ வாசலில் அதே சரக்கோடு வேறொரு வண்டி நின்றது. பெரிய அலுமினியப் பானையில் தமால், அதாவது மட்டையில் சுற்றி ஆவியில் வேகவைத்த மக்காச்சோள மாவுப் பண்டம். பக்கத்துப் பானையில் அதோலே என்ற சோளக் கூழ். விற்கும் அம்மாள் மூடியைத் தூக்கினால் ஆவியில் அவர் முகமே மறைந்துவிடுகிறது. நுனிவிரலால் ஒன்றை உருவி, மக்காச்சோள மட்டையை ஒரே இழுப்பில் உரித்து, கீறி வைத்த ரொட்டிக்குள் தள்ளி, காகிதத்தில் சுற்றி நீட்டுகிறார். காசு வாங்கும் கையில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் பை.

ஆம், மாவுப் பண்டத்தை ரொட்டிக்குள் வைத்துத் தின்கிறார்கள். அந்த ரொட்டியின் பெயரை 'போலியோ' என்று உச்சரிக்க வேண்டும், பயப்படாதீர்கள். இரண்டும் சேர்ந்ததற்குக் 'குவாஹொலோத்தா', அதாவது பெட்டை வான்கோழி என்று பெயர். 30 பெசோ கொடுத்தேன். மதியம் இரண்டு மணிவரை பசிக்கவில்லை. ருசித்ததா என்றால், தொண்டையை அடைத்தது. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகும் கணக்கு. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அல்ல.

மறுநாளிலிருந்து ரொட்டி வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் தமாலின் குணம் தெரிந்தது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் நீக்கி அரைத்த மாவு அது. பச்சைச் சோளத்தில் இல்லாத, மழை பெய்த மண்ணுக்குப் பக்கத்தில் வருகிற ஒரு வாசம் அதற்குண்டு. கொழுக்கட்டையைவிட மென்மை, இட்லியைவிடக் கனம். நான்கு வகையில் முதலிடம் 'ராஹாஸ்' எனப்படும், மிளகாய்க் கீற்றும் பாலாடைக்கட்டியும் வைத்ததற்குத்தான். பச்சைச் சாறும் கோழியும் வைத்தது பரவாயில்லை. 'மொலே' எனப்படும் சிவப்பு மிளகாய்க் குழம்பு வைத்ததில் இரண்டு நாளும் உப்பு தூக்கலாக இருந்தது. இளஞ்சிவப்பு நிற இனிப்புத் தமாலைக் குழந்தைகளுக்கு விட்டுவிடலாம்.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உடன் வந்த நண்பர் 'இறைச்சி இல்லையே?' என்று கேட்டார். அம்மாளும் இல்லை என்று நல்ல மனதோடுதான் சொன்னார். நான் 'மன்தேகா?' என்றதும் தலையசைத்தார். பன்றிக் கொழுப்பைச் சேர்த்துத்தான் மாவையே பிசைகிறார்கள். நண்பர் அன்றுமுதல் அதோலேயோடு நிறுத்திக்கொண்டார்.

அதில் அவருக்கு நட்டமில்லை. அதோலே என்பது அதே சோள மாவில் பட்டையும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய கூழ். சாக்லேட் கலந்தால் சம்புர்ராதோ. ஒரு கோப்பை 20 பெசோ. முதல் மடக்கில் நாக்கு வெந்துவிட்டது, ஆனாலும் கீழே வைக்க மனம் வரவில்லை.

ஒன்பது மணிக்குப் போனால் ராஹாஸ் தீர்ந்திருக்கும். 500 பெசோ நோட்டை நீட்டினால் சில்லறை இருக்காது. எனக்கு ஒருமுறை 'நாளைக்குக் கொடுங்கள்' என்று சைகை காட்டி அனுப்பிவிட்டார். மறுநாள் நான் கொடுத்த 42 பெசோவை அவர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.