ட்ரெய்லருக்குப் புது பேரிங் என்று 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு பழசையே மாட்டி அனுப்பிவிட்டார்கள்

18,500 ரூபாய். கையில் எண்ணிக் கொடுத்த காசு. வள்ளம் ஏற்றுகிற ட்ரெய்லருக்கு நாலு பேரிங், இரண்டு ஹப் (சக்கரத்தின் நடுவில் பேரிங் உட்காருகிற குடம்), ஆயில் சீல், மரைன் கிரீஸ் எல்லாம் புதுசு என்று சொல்லி வாங்கிய காசு. நேற்று ஹப்பைக் கழற்றினால் உள்ளே இருப்பது பழைய பேரிங். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கொல்லங்கோடு, நித்திரவிளை, தூத்தூர், பூவார் பக்கம் ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. எல்லை தாண்டி கேரளப் பக்கம், மெயின் ரோட்டை ஒட்டி, டிராக்டர் பெட்டி, டிப்பர், ட்ரெய்லர் எல்லாம் பார்க்கிற பெரிய பட்டறை. வாசலில் எப்போதும் நாலு வண்டி நிற்கும். அவ்வளவு போதும்.

எங்கள் பக்கம் வள்ளத்தை லாரியில் ஏற்றித்தான் இடம் மாற்றுவார்கள். என்னுடையது சின்ன பைபர் வள்ளம், அதனால் இரண்டு சக்கர ட்ரெய்லர் ஒன்று செய்து பிக்கப்பில் இழுத்துக்கொண்டு போகிறேன். ஆனி, ஆடியில் கடல் பொங்கும்போது நம் கரையில் வள்ளம் இறக்குவது உயிரோடு விளையாடுகிற வேலை. விழிஞ்சம் துறைமுகத்துக்குள் அலை அடங்கியிருக்கும், கணவாய் மீனும் அந்த சீசனில்தான் அங்கே படும். அங்கே போவதற்கு முன்னால் சக்கரத்தைச் சரி பார்க்கத்தான் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஜாக்கி வைத்துத் தூக்கி டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லேசாக ஆடியது. சுற்றிவிட்டால் கரகரவென்று ஒரு சத்தம்.

இந்த ட்ரெய்லர் பேரிங் மற்ற வண்டி பேரிங் மாதிரி இல்லை. ரோட்டில் ஓடி வரும்போது ஹப் சூடாகும். அந்தச் சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கிற காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை உள்ளே இழுக்கும். கிரீஸ் பால் மாதிரி வெளுத்துப்போகும். அப்புறம் வண்டி வாரக்கணக்கில் சும்மா நிற்கும்போது ரோலர் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் எல்லாம் கோடு கோடாகத் துரு பிடித்துக் குழி விழும். குழி விழுந்த பேரிங்குக்கு எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் பிரயோஜனம் இல்லை, மாற்றத்தான் வேண்டும். இதை எனக்குச் சொன்னதே அந்தப் பட்டறை ஆசான்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

இடது சக்கரத்தைக் கழற்றி, கப்பை, அதாவது ரோலர் உருளுகிற வெளி வளையத்தை, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். பிறை மாதிரி ஒரு குழி, அதன் பக்கத்தில் பொட்டு போல இன்னொன்று. "அண்ணா, இத பாருங்க. இத வெச்சு விழிஞ்சம் வரை ஓட்டினா வழியில சக்கரம் கழண்டு போகும்." வலது பக்கமும் அப்படித்தான் இருக்கும், நாலையும் மாற்ற வேண்டும், ஹப்பும் தேய்ந்துவிட்டது என்றார். பையனைக் கூப்பிட்டுப் புது பெட்டி எடுத்துவரச் சொன்னார். என் கண் முன்னால் பெட்டியைப் பிரித்து, எண்ணெய்த் தாளைக் கிழித்து, பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார். கண்ணாடி மாதிரி மின்னியது. 30206 என்று பொறித்திருந்தது, பழசில் இருந்த அதே நம்பர். மனிதர் குழியைக் காட்டுகிறார், புதுசைக் கையில் தருகிறார். இதற்கு மேல் என்ன நம்பிக்கை வேண்டும்? மொத்தம் 18,500 ரூபாய் என்றார், முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார். "பிரஸ்ஸில் வைத்துக் கப் ஏற்ற நேரமாகும், சாயங்காலம் வாங்க" என்று அனுப்பினார். சாயங்காலம் போனால் ஹப்பில் சில்வர் பெயின்ட் அடித்து, டஸ்ட் கேப் தட்டி மூடி, வண்டி ஜம்மென்று தயாராக நிற்கிறது.

ஊரம்பு வழியாகப் பூவார் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். இடது பக்கத்திலிருந்து கீச்சென்று சத்தம், அப்புறம் கருகுகிற வாடை. இறங்கிப் பார்த்தால் ஹப் பக்கத்தில் கை கொண்டுபோக முடியவில்லை. மேலே வள்ளம், இன்ஜின், வலை. சக்கரம் கழன்று விழாமல் நின்றது மாதா புண்ணியம். பக்கத்துச் சின்ன ஒர்க்‌ஷாப்பில் ஒரு தம்பி வந்து கழற்றினான். வெளிப் பேரிங்கின் கூடு உடைந்து ரோலர்கள் தனித்தனியாகக் கொட்டின, ஆக்ஸில் தண்டு நீலம் பாய்ந்து கிடந்தது. உள்பக்கத்துக் கப்பைத் துடைத்துப் பார்த்தேன். அதே பிறைக் குழி. பக்கத்தில் அதே பொட்டு. ஆசான் ஸ்குரூ டிரைவரால் தொட்டுக் காட்டிய அதே கப். ஹப்பில் சில்வர் பெயின்ட்டைச் சுரண்டினால் கீழே பழைய துரு. கிரீஸ் மட்டும் வெளிப்பக்கம் தாராளமாகப் பூசியிருந்தது, ரோலர்களுக்கு இடையே போகவே இல்லை.

அங்கிருந்தே ஆசானுக்குப் போன் செய்தேன். முதலில் "ஓவர்லோடு ஏத்தியிருப்பீங்க அண்ணா" என்றார். அதே வள்ளம்தான் என்றேன். "உப்புத் தண்ணியில இறக்கினா கியாரண்டி கிடையாது." வள்ளம் ஏற்றுகிற ட்ரெய்லரை வேறு எதில் இறக்குவார்கள்? அதுவும் இந்தத் தடவை தண்ணீரையே தொடவில்லை, போகிற வழியிலேயே போய்விட்டது. நேரில் போனால் முதலாளி திருவனந்தபுரம் போயிருக்கிறார், அடுத்த வாரம் வாங்க என்கிறார்கள். கப்பைக் காட்டி இந்தக் குழியை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். ஆசான் அதைக் கையில்கூட வாங்கவில்லை. என்னிடம் அதுவரை தமிழில் பேசியவர், பையன்களிடம் மலையாளத்தில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கடைசியாக கவுண்டரில் இருந்தவர் சொன்னது: "நீங்க தமிழ்நாடு, எங்க போய் கேஸ் கொடுப்பீங்க?"

18,500 ரூபாய்க்கு அவர்கள் கொடுத்த சீட்டில் "ஹப் வேலை" என்று மட்டும்தான் இருக்கிறது. பேரிங் நம்பர் இல்லை, எத்தனை என்று இல்லை. ஆக்ஸில் தண்டு, வண்டி இழுத்துவந்த கூலி, வீணாய்ப்போன சீசன் நாட்கள் எல்லாம் இந்த 18,500-க்கு வெளியே.

எங்கே கேஸ் கொடுப்பது என்று விசாரித்துவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும், நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். எனக்கு நாகர்கோவில். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். சொந்தப் பிழைப்புக்காக ஓட்டுகிற வண்டியும் இதில் வரும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் கூப்பிட்டுப் பதிவு செய்திருக்கிறேன்.

பேரிங் பராமரிப்பு பற்றி விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசில்லை. அவசரமாகச் சிலது மட்டும். கழற்றியதுமே பழைய கப்பையும் கோனையும் (ரோலர் கோத்த உள் வளையம்) போட்டோ எடுங்கள், வேலை முடிந்ததும் பழசைக் கையில் வாங்குங்கள், அதற்கு அப்புறம் பணம் கொடுங்கள். கோனை மட்டும் மாற்றிக் கப்பை விடுகிற வேலைக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள், இரண்டும் ஜோடி. சீல் ஒவ்வொரு தடவையும் புதுசு. கிரீஸை உள்ளங்கையில் வைத்து ரோலருக்குள் அழுத்தி ஏற்ற வேண்டும், மறுபக்கம் பிதுங்கி வர வேண்டும். நட்டை சக்கரம் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி ஸ்பிளிட் பின் போட வேண்டும். கரைக்கு வந்ததும் ஹப் ஆறுகிற வரை இறக்காதீர்கள். சீட்டில் பேரிங் நம்பரும் எண்ணிக்கையும் எழுதி வாங்குங்கள்.

இந்த சீசனுக்கு முன்னால் எல்லையோரத்துப் பெரிய பட்டறை ஒன்றில் ஹப் வேலை செய்து, சில்வர் பெயின்ட் அடித்து வாங்கியவர்கள் யாராவது இருந்தால், வள்ளம் ஏற்றுவதற்கு முன்னால் வேறு ஆளிடம் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். உங்களுக்கும் பழசு இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். என்னிடம் கப், போட்டோ, 18,500 ரூபாய் சீட்டு மூன்றும் இருக்கிறது, அடுத்த வாரம் நாகர்கோவில் போகிறேன், சேர்ந்தே கொடுப்போம்.