டெல்பியில் எழுதிய லேபல் புரோகிராம்: எட்டு மாதம் பாவித்த பிறகு

நாங்கள் செங்கலடியில் வீட்டோடு சேர்த்து ஒரு சின்ன அரைக்கும் மில் வைத்திருக்கிறோம். மிளகாய்த்தூள், சரக்குத்தூள், வறுத்த அரிசிமா, குரக்கன் மா எல்லாம் பக்கற்றில் போட்டு மட்டக்களப்பு டவுன், ஏறாவூர், காத்தான்குடிக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். லேபல் அடிப்பதற்குக் கல்முனையில் இருக்கும் ஒரு தம்பியிடம் 35,000 ரூபாய்க்கு ஒரு புரோகிராம் எழுதுவித்தோம். தொடக்கத்தில் வந்த பிழைகளையும் சொல்லப்போவதால் அவருடைய பெயரைப் போடவில்லை. இப்போது வாங்கலாமா என்று கேட்டால் ஓம், வாங்கலாம். ஆனால் முதல் ஆறு கிழமை நாங்கள் பட்ட கரைச்சலையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

புரோகிராம் முதலில், விண்டோஸ் புரோகிராம் எழுதும் கருவியான டெல்பி 7இல் எழுதியது. 2002இல் வந்த பதிப்பு அது, பழசுதான். ஆனால் ஒரே ஒரு எக்ஸி ஃபைல், இன்ஸ்டால் பண்ணும் வேலை இல்லை, எங்கள் பழைய கணினியில் தட்டிய உடனே திறக்கிறது. லேபலில் பெயர், நிறை, விலை, தொகுதி இலக்கம், திகதிகள், பார்கோட் எல்லாவற்றையும் மவுஸால் இழுத்து வைக்கலாம். மாவுக் கையோடு ஓடிவந்து அடிக்கிறவர்களுக்கு இது பெரிய வசதி.

சரி, கரைச்சலுக்கு வருகிறேன். எங்கள் லேபல் 50க்கு 30 மில்லிமீட்டர். பிரிவியூவில் பார்த்தால் அச்சொட்டாக இருக்கும். அடித்தால் கட்டமும் கோடுகளும் மேல் இடது மூலையில் சுருங்கி, எழுத்துகள் மட்டும் தங்கள் அளவில் நின்று ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. போனில் சொன்னால் "அக்கா, பிரிவியூவில் சரியாத்தானே இருக்கு" என்கிறார். மூன்று நாள் இதே பேச்சு. கடைசியில் மகளின் அடிமட்டத்தை எடுத்து அந்தக் கட்டத்தை அளந்து, 50 இருக்க வேண்டிய இடத்தில் இருபத்து மூன்றரைதான் இருக்கிறது என்று படம் பிடித்து அனுப்பினேன். அந்த எண்ணைப் பார்த்ததும் அவருக்குப் பிழை பிடிபட்டுவிட்டது. அடுத்த நாள் கல்முனையிலிருந்து பஸ் ஏறி வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்து திருத்தினார், அதற்காகவே அவருக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன்.

விஷயம் இதுதான். கணினித் திரைக்கு ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி என்று கணக்கு. அதன்படி 50 மில்லிமீட்டர் என்றால் 189 புள்ளி. எங்கள் லேபல் பிரிண்டரோ அங்குலத்துக்கு 203 புள்ளி, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 8. திரையின் 189 புள்ளியை அப்படியே பிரிண்டருக்கு அனுப்பினால் 23.6 மில்லிமீட்டர்தான் வரும். எழுத்து ஏன் சுருங்கவில்லை என்றால், அதன் அளவு பாயிண்ட் என்ற எழுத்தளவில் இருப்பதால் டெல்பி அதை மட்டும் பிரிண்டருக்கு ஏற்றபடி தானே மாற்றிக்கொள்கிறது. அவர் எல்லா அளவையும் மில்லிமீட்டரில் சேமித்து, அடிக்கும் நேரத்தில் கெட்டிவைஸ்கேப்ஸ் (GetDeviceCaps) என்ற விண்டோஸ் கட்டளை மூலம் பிரிண்டரிடமே அதன் புள்ளிக்கணக்கைக் கேட்டு வரையும்படி மாற்றினார். A4 ஸ்டிக்கர் தாளில் லேசர் பிரிண்டரால் அடித்தபோது எல்லாம் நான்கு மில்லிமீட்டர் தள்ளிப்போனதும் அன்றைக்கே தீர்ந்தது. தாளின் ஓரத்தில் பிரிண்டர் அடிக்க முடியாத கரை ஒன்று உண்டு, டெல்பி அந்தக் கரைக்கு உள்ளேயிருந்துதான் எண்ணத் தொடங்கும், அதைக் கழிக்க வேண்டும்.

அப்புறம் வெறும் லேபல் ஓடும் பிரச்சினை. ஒன்று அடித்து நான்கைந்து வெறுமனே போகும், றோல் விற்கிற விலைக்கு வயிறு எரியும். டிரைவரில் தாள் அளவு 4க்கு 6 அங்குலம் என்று கிடந்திருக்கிறது, அதை 50க்கு 30 ஆக்கியதும் நின்றுவிட்டது. இன்னொரு நாள் லேபல் லேசர் பிரிண்டரில் போய் விழுந்தது. விண்டோஸ் 10இல் கடைசியாகப் பாவித்த பிரிண்டரைத் தானாகவே முதன்மைப் பிரிண்டராக்கும் ஒரு செட்டிங் இருக்கிறது, அதை நிறுத்திவிடுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தந்தது பார்கோட். நம் நாட்டு எண் 479இல் தொடங்கும் 13 இலக்கப் பார்கோட் அது. கண்ணுக்கு நல்லாகத்தான் இருந்தது. ஆனால் டவுனில் ஒரு கடையில் ஸ்கேனர் மூன்று தடவைக்கு ஒரு தடவைதான் படித்தது, காசாளர் பிள்ளை எண்ணைக் கையால் தட்டிக் களைத்துப்போய் எங்கள் பக்கற்றை ஒதுக்கி வைத்துவிட்டார். மிகவும் மனவருத்தமாக இருந்தது. காரணம் என்னவென்றால், பார்கோடின் மிக மெல்லிய கோட்டுக்கு வழக்கமான அகலம் 0.33 மில்லிமீட்டர், எங்கள் பிரிண்டரின் ஒரு புள்ளி 0.125. 2.64 புள்ளி வருகிறது, முழுப் புள்ளியாக வராததால் ஒரு கோடு இரண்டு புள்ளியும் இன்னொன்று மூன்று புள்ளியுமாக அடிபடுகிறது. அதுவும் அவர் திரைக்கு வரைந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கி அனுப்பியிருந்தார், அது இன்னும் மோசமாக்கியது. இப்போது ஒவ்வொரு கோட்டையும் பிரிண்டரின் புள்ளியிலேயே, சரியாக மூன்று புள்ளி என்ற கணக்கில் வரைகிறது. இரு பக்கத்து வெற்றிடத்தோடு 42 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், ஆகவே 40 மில்லிமீட்டர் றோல் வாங்கி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், அதில் கொள்ளாது. மாற்றிய பிறகு அதே கடையில் முதல் தடவையிலேயே படிக்கிறது.

தமிழ் எழுத்து தனிக் கதை. டெல்பி 7இன் எழுத்துப் பெட்டிகளுக்கு, போனிலும் இணையத்திலும் பாவிக்கும் பொது எழுத்துமுறையான யூனிகோட் தெரியாது, போனிலிருந்து "குரக்கன் மா" என்று கொப்பி பண்ணிப் போட்டால் கேள்விக்குறிகள் வரும். முதலில், யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச் சொன்னார். எனக்குப் பாமினி பழக்கம்தான், ஆனால் என் மகளுக்கு அது தெரியாது, அவள்தான் பின்னேரத்தில் லேபல் அடிப்பவள். அதனால் யூனிகோட் வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றேன். டெல்பி 2009இலிருந்து யூனிகோட் உள்ளேயே வருகிறது, புதிய பதிப்புக்கு மாற்றி எழுத அவருக்கு இரண்டு கிழமை எடுத்தது, மேலதிகக் காசு கேட்கவில்லை. இப்போது நிர்மலா எழுத்துருவில் கொம்பும் புள்ளியும் இடம் மாறாமல் தெளிவாக விழுகிறது.

இதை எழுதுவிக்க நினைக்கிறவர்கள் முழுக்காசையும் முதலே கொடுக்காதீர்கள். உங்கள் சொந்தப் பிரிண்டரில், நீங்கள் பாவிக்கும் றோலில், தமிழ்ப் பெயரோடு பத்து லேபல் அடித்து, அடிமட்டத்தால் அளந்து, ஒன்றைக் கடை ஸ்கேனரில் காட்டிவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். திரையைப் பார்த்து மட்டும் சரி சொல்லிவிட வேண்டாம், நான் அப்படித்தான் சொன்னேன்.

ஒரு பிழை மட்டும் இன்னும் இருக்கிறது. சரக்குத்தூளின் சேர்மானப் பட்டியல் நீளமானது, பிரிவியூவில் நான்கு வரியில் அடங்குவது அடிக்கும்போது சில நேரம் ஐந்தாம் வரிக்குப் போய்க் கடைசிச் சொல் வெட்டுப்படுகிறது. திரையில் எழுத்தின் அகலம் முழுப் புள்ளிக்குக் கூட்டியோ குறைத்தோ எடுக்கப்படுவதால் வரி மடியும் இடம் மாறுகிறதாம். பிரிவியூவையே பிரிண்டரின் அளவை வைத்து மெட்டாஃபைல் என்ற, வரையும் கட்டளைகளைச் சேமிக்கும் படக் கோப்பில் வரைந்து காட்டினால் இரண்டும் ஒரே இடத்தில் மடியும் என்கிறார், அந்த வேலையைத் தொடங்கியும் விட்டார். அதுவரைக்கும் நான் நீளச் சொல்லான பெருஞ்சீரகத்தை முன்னுக்கும் சின்னச் சொல்லான உப்பைக் கடைசியிலும் போட்டு, ஒவ்வொரு தொகுதியிலும் முதல் லேபலைக் கையில் எடுத்து வாசித்துவிட்டுத்தான் மிச்சத்தை அடிக்கிறேன்.