மன்ஹாட்டனில் பழைய கோ-ஆப் வீடு வாங்கப் போகிறவர்கள் கையெழுத்துக்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

நியூயார்க்கில், அதுவும் மன்ஹாட்டனில், இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய கோ-ஆப் கட்டடங்களில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிற நம்மவர்களுக்காக எழுதுகிறேன். வீட்டை விற்றவருக்குத் தெரிந்த ஒரு பெரிய செலவு எங்களிடம் மறைக்கப்பட்டது. எங்கள் புரோக்கரும், அவர் கைகாட்டிய வக்கீலும் அதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 43,000 டாலருக்கு மேல் எங்கள் தலையில் வந்து விழுந்தது.

வீடு அப்பர் வெஸ்ட் சைடில், வெஸ்ட் எண்ட் அவென்யூவில். எமரி ராத், ரொசாரியோ கண்டேலா போன்ற பெயர்பெற்ற ஆர்க்கிடெக்டுகள் கட்டடம் வரைந்துகொண்டிருந்த 1920களில் எழுந்தது, பதினைந்து மாடி. அந்தக் காலத்து வீடுகளின் அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கதவைத் திறந்தால் நேராகக் கூடத்தில் போய் நிற்பதில்லை. முதலில் ஒரு நடை, அப்புறம்தான் கூடம். மீன்முள் போலக் கோத்துப் பதித்த ஓக் தரை. தலைக்கு மேல் ஒன்பதரை அடி உயரம். பக்கத்து வீட்டு டிவி காதில் விழாத தடித்த சுவர். சமையலறைக்குப் பின்னால் வேலைக்காரப் பெண் தங்குவதற்காகக் கட்டிய சின்ன அறையை அம்மா ஊரிலிருந்து வந்தால் பூஜைக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன்.

கோ-ஆப் எப்படி என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இங்கே நீங்கள் சுவரையும் தரையையும் வாங்குவதில்லை. கட்டடம் முழுக்க ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். அதில் உங்கள் வீட்டுக்கென்று ஒதுக்கிய பங்குகளை வாங்குகிறீர்கள். அந்தப் பங்குகளோடு வீட்டில் குடியிருக்கும் குத்தகை உரிமை வருகிறது. மாதா மாதம் மெயின்டனன்ஸ் கட்ட வேண்டும். சொத்து வரி, வேலையாட்கள் சம்பளம், பாய்லர் செலவு, கட்டடத்தின் பேரிலேயே ஒரு கடன் இருந்தால் அதன் தவணை, எல்லாம் அதற்குள் அடக்கம். அது போதாமல் பெரிய வேலை வந்தால், கட்டடத்தை நிர்வகிக்கும் பங்குதாரர் குழுவான போர்டு அசெஸ்மென்ட், அதாவது கூடுதல் வசூல், போடும். ஒரு பங்குக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆகவே வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி, கட்டடத்தின் நோயெல்லாம் உங்கள் பங்குக்கும் உண்டு.

வாங்குகிறவரை போர்டு எப்படிச் சோதிக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, வேலை பார்க்கும் இடத்திலிருந்து கடிதம், முன்பு வாடகைக்கு இருந்த வீட்டுக்காரரின் கடிதம், நண்பர்கள் எழுதிய நற்சான்று, வீடு வாங்கிய பிறகு கையில் எவ்வளவு பணம் மிஞ்சும் என்ற கணக்கு, எல்லாவற்றையும் கட்டாகக் கொடுத்தோம். அப்புறம் நேர்காணல். வேண்டாம் என்று சொன்னால் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. எங்களை இப்படித் துருவிய அந்தக் கட்டடத்தைப் பற்றி எங்கள் பக்கமிருந்து யாராவது துருவியிருக்க வேண்டும். அதற்குத்தான் வக்கீலுக்குப் பணம் கொடுத்தோம்.

வீடு பார்க்கப் போனபோதே வாசலில் நடைபாதைக்கு மேல் பச்சைப் பலகை அடித்த சாரக் கொட்டகை நின்றது. கேட்டேன். "வழக்கமான பராமரிப்பு, சீக்கிரம் எடுத்துவிடுவார்கள்" என்றார் எங்கள் புரோக்கர்.

அந்தக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1979இல் பிராட்வேயில் கட்டடத்திலிருந்து பெயர்ந்து விழுந்த கல் துண்டு பட்டு பர்னார்ட் கல்லூரி மாணவி ஒருவர் இறந்தார். மறு வருடமே நகரம் சட்டம் கொண்டுவந்தது. 1998இல் அதை இன்னும் இறுக்கினார்கள். எல்லோரும் லோக்கல் லா 11 என்கிறார்கள். ஆறு மாடிக்கு மேல் உள்ள ஒவ்வொரு கட்டடத்தின் வெளிச்சுவரையும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தகுதியுள்ள பொறியாளரோ ஆர்க்கிடெக்டோ சோதித்து, பத்திரமானது, பழுது பார்க்க வேண்டியது, ஆபத்தானது என்று மூன்றில் ஒன்றாக நகரத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆபத்தானது என்று எழுதினால் கீழே நடப்பவர்களுக்குப் பாதுகாப்பாகக் கொட்டகை போட்டே ஆக வேண்டும். நூறு வருடக் கட்டடத்தில் இது சாதாரண விஷயமில்லை. ஜன்னலுக்கு மேல் செங்கல்லைத் தாங்கும் இரும்பு துருப்பிடிக்கும். துரு ஏற ஏற இரும்பு பருத்துச் செங்கல்லை வெளியே தள்ளும். அந்த விரிசல் வழியாக மழைத் தண்ணீர் உள்ளே வரும்.

எங்கள் வீட்டுக்குள் வந்தது. குடியேறிய பிறகு வந்த முதல் பெரிய புயல் மழைக்கு அடுத்த நாள் காலை, படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே டீ சிந்தியது மாதிரி ஒரு கறை. "ஏங்க, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டேன். என் கணவர் விரலால் தொட்டதும் பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. அதற்கு அடியில் இன்னொரு பழைய கறை, அதன் மேல் பூசிய வெள்ளை, அதற்கும் அடியில் மாவாக உதிர்கிற காரை. வீட்டைக் காட்டுவதற்கு முன் பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது.

அடுத்த சில வாரத்தில் போர்டிலிருந்து கடிதம். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை இடித்துக் கட்ட வேண்டும், ஜன்னல் இரும்புகளை மாற்ற வேண்டும், பங்குக்கு 140 டாலர் அசெஸ்மென்ட். எங்களிடம் 310 பங்குகள்.

பங்குதாரர் என்ற முறையில் போர்டு கூட்டங்களின் மினிட்ஸை, அதாவது கூட்டத்தில் பேசியதை எழுதி வைத்த குறிப்புகளை, பார்க்க வேண்டும் என்று கட்டடத்தின் அன்றாட நிர்வாகத்தைக் கவனிக்கும் மேனேஜிங் ஏஜென்டிடம் கேட்டோம். காட்டினார்கள். நாங்கள் வாங்குவதற்கு வெகு முன்பே பொறியாளர் அறிக்கை வந்திருந்தது. கைப்பிடிச் சுவர் ஆபத்தானது என்று அதில் எழுதியிருந்தது. உத்தேசச் செலவு, அசெஸ்மென்ட் எப்போது போடலாம் என்ற பேச்சு, எல்லாம் தேதியோடு இருந்தது. அந்தக் கூட்டங்களுக்கு வந்திருந்த போர்டு உறுப்பினர்கள் பட்டியலில் எங்களுக்கு வீட்டை விற்றவரின் பெயரும் இருந்தது. அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

எங்கள் வாங்கலுக்காக மினிட்ஸ் கேட்டு யாராவது வந்தார்களா என்று விசாரித்தோம். யாரும் வரவில்லை. வக்கீலைக் கேட்டால், கட்டட ஆவணங்கள் பார்க்கப்பட்டன என்றுதான் எழுதினேனே தவிர மினிட்ஸ் என்று குறிப்பிடவில்லை என்கிறார். அவர் பார்த்தது மேனேஜிங் ஏஜென்ட் நிரப்பி அனுப்பிய கேள்வித்தாள் மட்டும். அசெஸ்மென்ட் உண்டா என்ற கேள்விக்கு அதில் "தற்போது இல்லை" என்று இருக்கிறது. போர்டு முடிவெடுக்காத வரை அது பொய்யும் இல்லை. வாங்குகிறவரின் வக்கீல் மினிட்ஸைப் படிப்பது இந்த ஊரில் வழக்கமான வேலை. இப்படிப்பட்ட பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த வழக்கமே இருக்கிறது.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. நியூயார்க் மாநிலத்தில் வீடு விற்கிறவர் அதன் குறைகளை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் உண்டு. அது கோ-ஆப் வீடுகளுக்கும், பங்காக இல்லாமல் வீட்டையே சொந்தமாக வாங்கும் காண்டோக்களுக்கும் பொருந்தாது. கேட்காத வரை விற்கிறவர் வாயைத் திறக்கத் தேவையில்லை என்ற நிலைதான்.

அதனால் நீங்கள் கேளுங்கள். புரோக்கர் சிபாரிசு செய்கிற வக்கீல் வேண்டாம். வீடு கைமாறினால்தான் புரோக்கருக்குக் கமிஷன், அவர் அனுப்புகிற வேலையை நம்பியிருக்கிற வக்கீல் உங்களுக்காக எவ்வளவு தூரம் இழுத்துப் பிடிப்பார் என்று யோசியுங்கள். குறைந்தது இரண்டு மூன்று வருட மினிட்ஸைப் படித்து, என்ன இருந்தது என்று தேதி போட்டு எழுத்தில் தரச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு 10 சதவீத முன்பணம் கொடுக்கும் முன் அது கைக்கு வர வேண்டும். புதிய அசெஸ்மென்ட் பற்றிப் பேச்சு நடந்ததாக எனக்குத் தெரியாது என்று விற்கிறவரிடம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பணம் கைமாறிய பிறகும் அந்த வாக்கு செல்லும் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

பெரிய செலவுக்கென்று கட்டடம் சேர்த்து வைத்திருக்கும் ரிசர்வ் பணம் எவ்வளவு, கட்டடக் கடன் எப்போது முதிர்கிறது என்று பாருங்கள். வட்டி குறைவாக இருந்த காலத்தில் வாங்கிய கடனை இப்போது புதுப்பித்தால் மெயின்டனன்ஸ் எகிறும். 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு லோக்கல் லா 97 என்று கரிம வெளியேற்றச் சட்டம் வேறு 2024இலிருந்து நடப்பில் இருக்கிறது. வரம்பைத் தாண்டினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். 2030இல் வரம்பு இன்னும் இறுகும். பழைய பாய்லரும் நீராவி ரேடியேட்டரும் உள்ள கட்டடங்கள் என்ன திட்டம் வைத்திருக்கின்றன என்று கேட்டே ஆக வேண்டும்.

வெளிச்சுவர் அறிக்கையின் நிலையை நகரக் கட்டடத் துறையின் டிஓபி நவ் பொதுத் தளத்தில் முகவரியைப் போட்டு நீங்களே பார்க்கலாம். காசு கிடையாது.

புரோக்கர் மேல் மாநில உரிமத் துறையிலும், வக்கீல் மேல் மன்ஹாட்டனுக்கான வக்கீல் ஒழுங்குக் குழுவிலும் புகார் கொடுத்திருக்கிறோம். வக்கீலின் கவனக்குறைவுக்கு வழக்குப் போட இந்த மாநிலத்தில் மூன்று வருடம்தான் அவகாசம். வேறு வக்கீல் வைத்து அந்த வேலையையும் தொடங்கிவிட்டோம். இதே மாதிரி அடிபட்டவர்கள் யாராவது இருந்தால் கெடு தாண்டுவதற்குள் உங்கள் காகிதங்களை எடுத்துக்கொண்டு ஒருவரைப் போய்ப் பாருங்கள்.