ஏசிபியா, என்பிஎல்லா? என்பிஏவுக்கு அடுத்து பார்க்க வேண்டிய கூடைப்பந்து லீக்

காலை ஆறு மணிக்கு எழுந்து என்பிஏ பார்க்கிறவர்களுக்கு, இன்னொரு லீக்கையும் விடாமல் பார்க்கவேண்டும் என்ற ஆசை ஒரு கட்டத்தில் வரும். அமெரிக்காவுக்கு வெளியே முதலில் எடுத்துப் பார்க்கத் தகுந்தவை இரண்டு: ஸ்பெயினின் ஏசிபி (விளம்பரதாரர் பெயரில் 'லிகா என்டேசா'), ஆஸ்திரேலியாவின் என்பிஎல். இரண்டிலும் தலா பத்து நிமிடமாக நான்கு பகுதிகள், 6.75 மீட்டரில் மூன்று புள்ளிக் கோடு, ஐந்தாவது ஃபவுலோடு வீரர் வெளியே. விதி இவ்வளவு ஒத்துப்போனாலும் பார்க்கும் அனுபவம் முற்றிலும் வேறு. ஒரு கிளப் லீக்குக்குள் எப்படி வருகிறது, எப்படி வெளியேறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற வித்தியாசங்கள் தானாகப் புரியும்.

ஆட்டத்தின் தரம் என்று மட்டும் கேட்டால் ஏசிபிதான், சந்தேகமே வேண்டாம். பட்டம் யாருக்கு என்று கடைசிவரை தெரியாமல் பார்க்கவேண்டும் என்றால் என்பிஎல்.

ஏசிபி: மேலே ஏறலாம், கீழே விழலாம்

1983-ல் கிளப்புகள் சேர்ந்து நடத்தத் தொடங்கிய லீக் இது. மொத்தம் 18 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற 17 அணிகளோடு சொந்த ஊரில் ஒருமுறை, வெளியூரில் ஒருமுறை ஆடும். ஆக 34 ஆட்டங்கள். முதல் எட்டு அணிகள் பிளே-ஆஃப் போகும். காலிறுதியில் மூன்று ஆட்டத்தில் இரண்டை வெல்லவேண்டும், அரையிறுதியிலும் இறுதியிலும் ஐந்தில் மூன்றை. கடைசி இரண்டு அணிகள் இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கும்.

இந்த இறக்கம்தான் ஏசிபியின் உயிர். ஏப்ரல், மே மாதங்களில் 15-வது இடத்து அணிக்கும் 17-வது இடத்து அணிக்கும் நடக்கும் ஆட்டத்தில் பந்துக்காகத் தரையில் விழுந்து புரள்வார்கள். தோற்றால் அடுத்த ஆண்டு விளம்பரப் பணமும் தொலைக்காட்சிப் பங்கும் போய்விடும், பாதி வீரர்களும் போய்விடுவார்கள்.

புதிதாகப் பார்ப்பவரைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. இரண்டு அணிகள் சம வெற்றிகளோடு முடித்தால், அவை தமக்குள் ஆடிய இரண்டு ஆட்டங்களின் முடிவும், அதுவும் சமமென்றால் அவற்றின் மொத்தப் புள்ளி வித்தியாசமும் இடத்தைத் தீர்மானிக்கும். முதல் சந்திப்பில் 9 புள்ளியில் தோற்ற அணி, இரண்டாவதில் 10 புள்ளியில் வென்றாக வேண்டும். அதனால்தான் ஏழு புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி, வெற்றி உறுதியான பிறகும், கடைசி பத்து விநாடியில் டைம்-அவுட் எடுத்து மூன்று புள்ளிக்குத் திட்டம் போடுகிறது. என்பிஏவில் இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். இங்கே எதிரணி பயிற்சியாளரும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டுதான் நிற்பார்.

விழுவதற்குப் பெரிய பெயர், சிறிய பெயர் என்ற பேதம் இல்லை. சான் பாப்லோ புர்கோஸ் 2020, 2021 இரண்டு முறையும் ஃபீபாவின் (உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம்) ஐரோப்பியக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்ற அணி. அடுத்த ஆண்டே, 2022-ல், ஏசிபியிலிருந்து இறங்கியது. மாட்ரிட்டின் எஸ்டுடியான்டெஸ் ஒருகாலத்தில் ரியால் மாட்ரிட், பார்சலோனா, ஜோவென்டுட் ஆகியவற்றோடு, முதல் நிலையை விட்டு இறங்கியதே இல்லை என்று பெருமை பேசிய கிளப். 2021-ல் அதுவும் இறங்கியது.

ஏறுவது அவ்வளவு நேர்மையாக நடக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். களத்தில் வென்று தகுதி பெற்ற கிளப், மில்லியன் கணக்கான யூரோ நுழைவுத் தொகை கட்டவேண்டும் என்ற நிபந்தனை நீண்டகாலம் இருந்தது. புர்கோஸின் பழைய கிளப்பான டிசோனா களத்தில் தகுதி பெற்றும் ஏற முடியவில்லை. 2016-ல் பலென்சியா இரண்டாம் நிலை லீக்கின் சாம்பியனாகியும் கதவு திறக்கவில்லை. எஸ்டுடியான்டெஸ் 2012-லும் 2016-லும் களத்தில் இறங்கியும் ஏசிபியிலேயே தங்கியது இதனால்தான்: மேலே வரவேண்டியவர்களிடம் பணம் இல்லை. 2017-ல் ஸ்பெயினின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் இந்த நிபந்தனைகளுக்காக ஏசிபிக்கு அபராதம் விதித்தது. பலென்சியா ஒருவழியாக 2023-ல் ஏறி, மறு ஆண்டே இறங்கியது.

கீழே இவ்வளவு கொந்தளிப்பு; உச்சியிலோ அசைவே இல்லை. 1984 முதல் 2025 வரை 42 பட்டங்கள். அதில் 33 ரியால் மாட்ரிட்டுக்கும் பார்சலோனாவுக்கும் போயின. மீதி ஒன்பதில் பாஸ்கோனியாவுக்கு நான்கு, ஜோவென்டுட்டுக்கு இரண்டு, மன்ரேசா, மாலகா, வலென்சியா தலா ஒன்று. இவற்றில் 1998-ல் மன்ரேசா வென்றதுதான் ஏசிபி ரசிகர்கள் இன்றும் விரிவாகப் பேசும் பட்டம். லட்சம் பேர்கூட இல்லாத கத்தலோனிய ஊர். லீக் சுற்றில் ஆறாமிடம். இறுதியின் சிறந்த வீரர் ஹுவான் க்ரேயுஸுக்கு அப்போது வயது 41. அப்படி ஒன்று மறுபடி நடக்கச் சம்பள இடைவெளி இன்று விடாது என்பதே எங்கள் கணிப்பு. ஏசிபியில் பண வலுவைச் சமப்படுத்தும் கருவி எதுவும் இல்லை. கால்பந்துப் பணமும் பின்னால் நிற்கும் கிளப்போடு ஒரு மாகாண நகரத்துக் கிளப் போட்டி போடவேண்டும்.

சின்னக் கிளப்புகளுக்குக் கைகொடுப்பது, ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் யூரோலீக்கின் அட்டவணை. 2025-26-ல் யூரோலீக் 20 அணிகளாகி, லீக் சுற்று மட்டுமே 38 ஆட்டங்கள். ஏசிபியின் 34-ஐக் கூட்டினால், பிளே-ஆஃபுக்கு முன்பே 72. வியாழக்கிழமை இரவு இஸ்தான்புல்லில் ஆடிவிட்டு ஞாயிறு மதியம் லூகோவில் ப்ரேகானோடு இறங்குகிற பெரிய அணி, முதல் பாதியில் கால் நகராமல் நிற்பதை ஒவ்வொரு சீசனும் பார்க்கலாம். இதற்காகவே அவர்கள் 15, 16 வீரர்களை வைத்திருக்கிறார்கள். ஆனால் ஓர் ஆட்டத்துக்கு 12 பேர்தான். அந்தப் பன்னிரண்டில் குறைந்தது நான்கு பேர் உள்நாட்டில் பயிற்சி பெற்றவர்களாக இருக்கவேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கும் வரம்பு உண்டு. ஆகவே பெரும் சம்பளம் வாங்கும் ஒருவர் சாதாரண உடையில் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் உடனே காயம் என்று நினைக்கவேண்டாம். பெரும்பாலும் அது இந்தக் கணக்கின் விளைவு.

ஏசிபியை முழுதாகப் பின்தொடர நேரமில்லாதவர்கள் பிப்ரவரியில் நடக்கும் ஸ்பெயினின் கோப்பைப் போட்டியான கோபா டெல் ரேயை மட்டுமாவது பார்க்கவேண்டும். முதல் 17 சுற்றுகள் முடிந்தபோது முதல் எட்டில் இருக்கும் அணிகள், ஒரே ஊர், ஒரே அரங்கம், நான்கு நாள். ஒரு தோல்வி போதும், வீட்டுக்குப் போகலாம். பணப்பெட்டி பெரிதாக இருப்பவருக்கு ஐந்து ஆட்டத் தொடரில் கிடைக்கும் பாதுகாப்பு இங்கே கிடைக்காது. 2023-ல் மாலகாவின் உனிகாஹா காலிறுதியில் பார்சலோனாவையும் அரையிறுதியில் ரியால் மாட்ரிட்டையும் இறுதியில் தெனெரிஃபேயையும் வீழ்த்திக் கோப்பையை எடுத்தது; 2025-ல் மறுபடியும் எடுத்தது. இரண்டு முறையும் அது யூரோலீக்கில் இல்லாத அணி.

ஸ்கோர் அட்டை படிக்கும்போதும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஏசிபியில் நல்ல அணிகள் பத்துப் பேரைச் சுழற்றும். நட்சத்திரம்கூட 22 நிமிடம் ஆடி 12 புள்ளி எடுப்பார். என்பிஏ கண்ணோடு பார்த்தால் சப்பென்று இருக்கும். அங்கே எல்லோரும் பார்ப்பது 'வலோராசியோன்' என்ற கடைசிக் கட்டம். புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக், வாங்கிய ஃபவுல் எல்லாவற்றையும் கூட்டி, தவறிய எறிவு, இழந்த பந்து, வாங்கிய பிளாக், செய்த ஃபவுல் எல்லாவற்றையும் கழித்தால் வருவது. 20-ஐத் தாண்டினால் சிறப்பான ஆட்டம். தற்காப்பில் சரியான இடத்தில் நிற்பவருக்கு இதில் மதிப்பெண் இல்லை. அது இந்த எண்ணின் பெரிய ஓட்டை.

என்பிஎல்: பத்து அணிகள், மூடிய கதவு

1979-ல் தொடங்கிய ஆஸ்திரேலிய லீக்கில் இப்போது பத்து அணிகள். ஒன்று நியூசிலாந்தின் பிரேக்கர்ஸ். ஏற்றமும் இறக்கமும் கிடையாது. உரிமம் வாங்கியவர் உள்ளே.

இந்தக் கதவு மூடியிருப்பதன் காரணம் 2008-09-ல் இருக்கிறது. சிட்னி கிங்ஸும் பிரிஸ்பேன் புல்லட்ஸும் 2008-ல் மறைந்தன. இரண்டு சீசன் ஆடிய சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் அதே ஆண்டு விலகியது. மெல்பர்னின் சவுத் டிராகன்ஸ் 2009-ல் பட்டம் வென்றது. அடுத்த சீசனில் அந்த அணியே இல்லை. பெர்த்துக்கும் ஆக்லாந்துக்கும் இடையே 5,000 கிலோமீட்டருக்கு மேல். பேருந்தில் போகும் ஐரோப்பிய லீக்குகளின் பயணச் செலவோடு இதை ஒப்பிடவே முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் இறக்கத்தையும் வைத்தால் முதலீடு செய்ய ஆள் வரமாட்டார்கள். 2015-ல் லாரி கெஸ்டல்மன் லீக்கின் பெரும்பங்கை வாங்கிய பிறகுதான் நிலைமை சீரானது. கிங்ஸும் புல்லட்ஸும் இன்று மறுபடி ஆடுகின்றன.

மூடிய கதவுக்குள் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. மீறலாம், ஆனால் மீறுபவர் வரி கட்டவேண்டும். ஒரு கிளப்புக்கு மூன்று வெளிநாட்டு வீரர்கள். ஆசிய நாட்டு வீரர் ஒருவரைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். (இந்தியாவின் அம்ரித்பால் சிங் 2017-18-ல் சிட்னி கிங்ஸுக்கு ஆடியவர்.) பலன் பட்டப் பட்டியலில் தெரிகிறது. 2021 முதல் 2025 வரை ஐந்து பட்டங்களை நான்கு கிளப்புகள் பகிர்ந்தன: மெல்பர்ன், சிட்னி இரண்டு முறை, டாஸ்மேனியா, இல்லவாரா. அதே ஐந்து ஆண்டில் ஏசிபியில் இரண்டே பெயர்கள். டாஸ்மேனியா ஜாக்ஜம்பர்ஸ் லீக்கில் நுழைந்தது 2021-22-ல். மூன்றாவது சீசனிலேயே, ஐந்தாவது ஆட்டம்வரை போன இறுதியில் மெல்பர்னை வென்று சாம்பியன். ஏசிபியில் மூன்று ஆண்டில் ஒரு புதிய கிளப் செய்யக்கூடிய பெரிய சாதனை, இறங்காமல் இருப்பது.

குறையும் அங்கேயே இருக்கிறது. பத்தில் ஆறு அணிகள் இறுதிச் சுற்றுக்குப் போகின்றன. முதல் இரண்டு நேராக அரையிறுதிக்கு. மூன்றும் நான்கும் மோதி, வென்றவர் அரையிறுதிக்கு. தோற்றவர், ஐந்துக்கும் ஆறுக்கும் நடந்த ஆட்டத்தில் வென்றவரோடு கடைசி இடத்துக்கு மோதவேண்டும். இப்படி அள்ளிக் கொடுத்தும் கடைசி இரண்டு மூன்று அணிகளுக்கு ஜனவரியிலேயே சீசன் செத்துவிடும். இழக்க எதுவும் இல்லாத அந்த ஆட்டங்களைத் தாராளமாகத் தவிர்க்கலாம்.

ஆட்டத்தின் சுவையும் வேறு. அமெரிக்க கார்டு (பந்தை நடத்திச் செல்பவர்) ஒருவர் கையில் பந்து நிறைய நேரம் இருக்கும், வேகம் கூடுதல், நடுவர்கள் உடல் மோதலை அதிகம் விட்டுவிடுவார்கள். ஸ்பெயினில் ஒரே தாக்குதலில் மூன்று முறை பிக் அண்ட் ரோல் (சக வீரர் காப்பாளரை மறித்துவிட்டுக் கூடையை நோக்கி நகர்வது) போட்டு, எதிரணியின் பலவீனமான காப்பாளரைத் தேடி எடுப்பார்கள். அந்தப் பொறுமை என்பிஎல்லில் குறைவு. என்றாலும் இதை இளப்பமாக நினைக்கவேண்டாம்: 2022 அக்டோபரில் அடிலெய்ட் 36அர்ஸ், பீனிக்ஸ் சன்ஸை அதன் சொந்த அரங்கில் 134-124 என்று வீழ்த்தியது. பயிற்சி ஆட்டம்தான், ஆனால் என்பிஏ அணியை வென்ற முதல் என்பிஎல் அணி அது.

இளைஞர்களைத் தேடுபவர்களுக்கு

அடுத்த என்பிஏ ட்ராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) யார் வருவார் என்று தேடுகிறவர்களுக்கு என்பிஎல்லின் 'நெக்ஸ்ட் ஸ்டார்ஸ்' திட்டம் 2018 முதல் நல்ல வாசல். அந்த வீரரின் ஊதியம் லீக்கிடமிருந்து. கிளப்பின் உச்சவரம்பில் சேராது, வெளிநாட்டு இடத்தையும் பிடிக்காது. லமெலோ பால் இல்லவாராவில் 12 ஆட்டம் ஆடி, காயத்தோடு முடித்து, 2020-ல் மூன்றாவது தேர்வு. ஜோஷ் கிடி 2021-ல் ஆறாவது, அலெக்ஸ் சார் 2024-ல் இரண்டாவது. எல்லோருக்கும் இப்படி அமையாது. கிளப்புக்கு ஆட்டங்கள் குறைவு, பயிற்சியாளருக்கு வெற்றி வேண்டும். தற்காப்பில் தடுமாறும் 18 வயதுப் பையன் பெஞ்சிலேயே சீசனைக் கழிப்பதும் நடக்கிறது.

ஏசிபியில் பையன்களைக் கிளப்பே சிறுவயதில் எடுத்து வளர்க்கிறது. ரிக்கி ரூபியோ 2005-ல் ஜோவென்டுட்டுக்கு இறங்கியபோது வயது 14. லூகா டான்சிச் 13 வயதில் மாட்ரிட் வந்ததால், ஸ்லோவேனியராக இருந்தும் உள்நாட்டில் பயிற்சி பெற்றவர் கணக்கில் சேர்ந்தார். 16 வயதில் அறிமுகம், 19 வயதில் ஏசிபியின் மிக மதிப்புமிக்க வீரர் (எம்விபி). இப்போது அமெரிக்கக் கல்லூரிகள் கொட்டும் பணம் இந்த வரிசையை உடைக்கிறது. சரகோசாவின் அடாய் மாரா 2023-ல் யுசிஎல்ஏவுக்குப் போனார். பின்னால் பலர் போகிறார்கள். 18 முதல் 21 வயதுக்குள் ஏசிபியில் நிமிடம் கிடைக்காதவர்கள்தான் முதலில் கிளம்புகிறார்கள்.

இந்திய, இலங்கை நேரத்தில்

என்பிஎல் தென்கோளக் கோடையில் நடக்கிறது. குளிர்காலத்தில் நடக்கும் கால்பந்து வகை ஆட்டங்களோடு மோதாமல் இருக்க 1998-ல் இப்படி மாறியது. மெல்பர்னில் இரவு 7.30 என்றால் நமக்கு மதியம் 2.00; பெர்த்தில் இரவு 7.30 என்றால் மாலை 5.00. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் இதோடு இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம். வேலை நாளில் மெல்பர்ன் ஆட்டம் கைக்கு எட்டாது. பெர்த்தின் சொந்த ஊர் ஆட்டங்கள் எட்டும், அந்த அரங்கத்தின் கூட்டமும் லீக்கிலேயே சிறந்தது.

ஏசிபியில் ஞாயிறு மதிய ஆட்டங்களைக் குறிவையுங்கள். அங்கே 12.30 என்றால் குளிர்காலத்தில் நமக்கு மாலை 5.00, மார்ச் கடைசி ஞாயிறு முதல் மாலை 4.00. இரவு 8.45 ஆட்டம் நமக்கு நள்ளிரவு தாண்டி 1.15, அதைப் பதிவில் பார்த்துக்கொள்ளலாம். என்பிஎல் இறுதி மார்ச்சில் முடிகிறது, ஏசிபியின் இறக்கப் போராட்டம் ஏப்ரலில் சூடுபிடித்து ஜூனில் பட்டத்தோடு முடிகிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை பெர்த் ஆட்டங்கள், நடுவே பிப்ரவரியில் கோபாவின் நான்கு நாள், ஏப்ரல் முதல் ஏசிபி அட்டவணையின் அடிப்பாதி: இரண்டையும் பார்க்க விரும்புகிறவர் இந்த வரிசையில் போகலாம்.